கல்விக்கு உரியார் யார்?

கல்வி புறத்தேயிருந்து மாணாக்கனுக்கு ஊட்டப்படுவதோ, அவனகத்தே உள்ளது விளங்கித் தோன்றுவதோ என்னும் வினாவிற்குச் சைவசித்தாந்தம் கூறும் விடை தெளிவானது. உயிர் அறிவுடைப் பொருளே. ஆணவமலத்தான் மறைக்கப்பட்டிருத்தலின் அறிவிக்க அறியும் இயல்பிற்றாயிற்று. கண் காணும் ஆற்றலுடையதாயினும் இருளில் விளக்கின்றிக் காணமாட்டாமைபோல என்க. ஆகவே ஆசிரியன் அறிவைப் படைப்பவனல்லன், காட்டுபவனே.

இம்மறைப்பு உயிர்கள் அனைத்திற்கும் அநாதியே உள்ளதாகலின், பிறப்பால் ஒருவன் கல்விக்கு உரியன், மற்றொருவன் உரியனல்லன் என்றல் எங்ஙனம் பொருந்தும்? அற்றேல், பக்குவம் நோக்கியே உபதேசித்தல் வேண்டும் என்பதும், சத்திநிபாதம் நால்வகைத்து என்பதும் என்னாமெனின், அவை உண்மையே. பக்குவ வேறுபாடு உண்டு. ஆயினும் அதனை அளக்குங் கோல் குலமும் வயதும் அல்ல.

திருவெண்ணெய்நல்லூரில் நிகழ்ந்ததாக மரபு கூறுவதை ஈண்டு நோக்குக. மெய்கண்டார் மிக இளையர், வேளாண் குலத்தினர். சகலாகம பண்டிதரோ ஆதிசைவர், முதியர், அக்குடும்பத்திற்கே குலகுரு. கல்விச் செருக்குடன் சென்ற அவர் ஆணவத்தின் வடிவம் யாது என வினவினார். மெய்கண்டார் வாய் திறந்திலர். விரலால் அவரையே சுட்டினார். ஆகமங்கள் அனைத்தும் ஓதியும் காணாததொன்றை அவ்விரல் காட்டிற்று. பண்டிதர் அடிபணிந்து அருணந்தி சிவாசாரியர் ஆயினார். பின்னர்ச் சிவஞான சித்தியார் செய்தவரும் அவரே. இவ்வரலாற்றை அவைதோறும் புகழ்ந்துரைத்தோர் பலர், தம்மூர்ப் பாடசாலை வாயிலில் மட்டும் இதனை மறந்தமை வியப்பே!

எழுத்தறிவிக்கப்படாத குழந்தையை அபக்குவன் எனத் தள்ளுதல், ஒருவனை இருட்டறையில் இருத்திவிட்டுக் குருடன் என்றலை ஒக்கும். காட்டிய பின்பன்றோ காணும் வன்மை அறியப்படும்? ஏட்டுக்கல்வி அபரஞானமே, வீடுபேற்றிற்கு அது வேண்டற்பாலதன்று என்பாரும் உளர். அங்ஙனங் கூறுவார் தம் மக்களைப் பள்ளிக்கு விடுக்காதிருந்ததில்லை.

இவ்வினா ஏட்டளவில் நின்றதுமன்று. 1890-இல் ஆரணியை அடுத்த மேல்புதுப்பாக்கத்தில், தீண்டத்தகாததென விலக்கப்பட்ட குடியிற் பிறந்தவர் சுவாமி சகஜானந்தர். சென்னை வியாசர்பாடியில் கரபாத்திர சுவாமிகளை அடுத்துச் சாத்திரங் கற்றுத் துறவு பூண்டார். 1916-இல் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவி, ஒடுக்கப்பட்ட குடிகளின் குழந்தைகளுக்குக் கல்வி வழங்கினார். திருநாளைப்போவாரை நாயன்மாருள் ஒருவராக வைத்து ஆண்டுதோறும் குருபூசை செய்யும் சைவவுலகில், அவர் பெயராற் கல்விச்சாலை ஒன்று தில்லையில் அமைய, விலக்கப்பட்ட குடியிற் பிறந்த துறவியே முற்படவேண்டியதாயிற்று.