கண்டதா, கருதியதா, சொன்னதா?

அறிவு எவ்வழியாக வருகிறது? மணிமேகலையின் அறவண அடிகள் காட்சி, அனுமானம் என்ற இரண்டோடு நிறுத்திக்கொள்கிறார். சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவாச்சாரியார் உரையையும், அதாவது நம்பத்தக்கவர் சொல்லையும், சேர்த்து மூன்றாக்குகிறார். காருக்கு ஸ்பார்க் பிளக் வாங்கப் போகிறவர் யார் பக்கம்?

கழற்றிய பிளக்கின் நுனியை மெக்கானிக் உற்றுப் பார்க்கிறார். இளம்பழுப்பு என்றால் நலம். உலர்ந்த கரி படிந்திருந்தால் கலவையில் பெட்ரோல் அதிகம், அல்லது பிளக் போதிய சூட்டை எட்டவில்லை. வெளுத்துக் கொப்புளித்திருந்தால் சூடு மிஞ்சிவிட்டது. புகை கண்டு நெருப்பை அறியும் அதே பழைய தருக்கம்தான்.

புதிய பிளக்கில் இந்த வித்தை பலிக்காது. அது எவ்வளவு சூடாக இயங்கும் என்பதைக் குறிக்கும் வெப்பத் தரம் பெட்டியில் வெறும் எண்ணாக நிற்கிறது. என்ஜிகே நிறுவனத்தின் பிளக்கில் எண் கூடினால் பிளக் குளிர்ந்தது. பாஷ் நிறுவனத்தின் பிளக்கில் கூடினால் சூடானது! இதில் ஊகம் தவறினால் பிஸ்டனுக்கே ஆபத்து.

மிஞ்சுவது உரை. "இரிடியம் போடுங்க சார், பவர் எகிறும்" என்று கடைக்காரர் சொல்வதும் உரைதான். நிக்கல் 1455 டிகிரி செல்சியஸில் உருகும், இரிடியம் 2446 டிகிரியில். ஆகவே ஆயுள் கூடும். பவர்? அது வியாபாரம். உரை செல்லுபடியாகச் சொல்பவருக்குத் தகுதி வேண்டும் என்பதைத் தருக்க நூலார் வற்புறுத்தியது சும்மா அல்ல.

தீர்ப்பு அருணந்தி பக்கமே. வண்டியோடு வந்த கையேட்டைத் திறந்து, அதிலுள்ள எண்ணையே கேட்டு வாங்குங்கள்.