முன்பணத்தில் வெந்த சோறு

மாமல்லபுரத்தை ஒட்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இயங்கும் சிறிய கேட்டரிங் நிறுவனம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். பதினைந்து, இருபது ஊழியர்கள். கல்யாணம், கம்பெனி விருந்து, சுற்றுலாப் பயணிகளுக்கு வாழையிலைச் சாப்பாடு. ஊழியர்கள் எல்லாருக்கும் முதல் தேதியில் சம்பளம் வந்துவிடுகிறது. உரிமையாளர் யாரையும் அடிமையாக வைத்திருக்கவில்லை. ஆனால் அவர் வாங்கும் புழுங்கலரிசியை ஏதோ ஓர் ஆலையின் களத்தில் யாரோ அவித்துக் காயவைத்தார்கள். பந்தல் காலுக்கும் அடுப்புக்கும் வரும் சவுக்கை யாரோ வெட்டினார்கள். புதிய சமையல் கூடத்துக்குச் செங்கல்லை யாரோ அறுத்தார்கள். அவர்கள் கூலிக்கு வந்தவர்களா, முன்பணத்துக்குக் கட்டுப்பட்டவர்களா? கட்டுப்பட்டவர்கள் என்றால் அந்தப் பாவத்தில் இவருக்குப் பங்கு உண்டா?

வள்ளுவர் இதற்கு இணையான கேள்வியைப் புலால் மறுத்தலில் எதிர்கொண்டார். தின்பவர் இல்லையென்றால் விலைக்கு ஊன் விற்பவரும் இருக்கமாட்டார் என்பது அவர் வாதம். கத்தி யார் கையில் இருந்தாலும் வாங்குபவனை அவர் விடுவதில்லை. பௌத்த விநயம் வேறு வழி சொன்னது: தனக்காகக் கொல்லப்பட்டது என்று பார்க்காமலும், கேள்விப்படாமலும், ஐயப்படாமலும் இருந்தால் பிக்கு இறைச்சியை ஏற்கலாம். பாத்திரம் ஏந்தி நிற்பவருக்கு அது நியாயமான விதி. இட்டதை உண்பவர் அவர். விலை பேசி, தரம் பார்த்து, நாள் குறித்து மூட்டை இறக்குபவர் அந்த விலக்கைக் கோர முடியாது. இல்லறத்தாருக்குப் புத்தர் விலக்கிய ஐந்து வாணிகங்களில் மனிதரை விற்பதும் ஒன்று.

அதிலும் செங்கல்பட்டு மண்ணில் ‘எனக்கு ஐயமே எழவில்லை’ என்று சொல்வது கடினம். 1843-இல் சட்டம் அடிமைமுறைக்கு அங்கீகாரத்தை மறுத்த பிறகும், இந்த மாவட்டத்தின் பறையர்கள் நிலமின்றிக் கட்டுண்டு கிடந்ததை ஆட்சியர் திரமென்ஹீர் அறிக்கையாக எழுதினார். 1892-இல் அவர்களுக்குப் பஞ்சமி நிலங்கள் ஒதுக்கப்பட்டது அதன் விளைவு.

பாம்பு பிடித்து வாழ்ந்த இருளர் பழங்குடியினரின் கதை இன்னும் அண்மையானது. 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் பாம்புத்தோல் வியாபாரம் நின்றது. அவர்களின் பிழைப்பும் நின்றது. 1978-இல் வடநெம்மேலியில் தொடங்கிய பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், நஞ்சு எடுக்கும் வேலையைத் தந்து சில நூறு பேரைத் தாங்கியது. அந்தச் சமூகத்தின் வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023-இல் பத்மஸ்ரீ பெற்றார்கள். சங்கத்துக்கு வெளியே நின்ற பலருக்குச் சவுக்குத் தோப்பும், அரிசி ஆலையும், சூளையுமே மிஞ்சின. 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேர் மீட்கப்பட்டனர். அதிகாரியின் காலில் ஒரு முதியவர் விழுந்து கிடந்த படத்தை நாடே பார்த்தது.

கொத்தடிமைக்குச் சங்கிலி தேவையில்லை. 1976-இன் ஒழிப்புச் சட்டப்படி, முன்பணத்துக்கு ஈடாகக் கூலியின்றியோ பெயரளவுக் கூலிக்கோ உழைப்பது, வேறு வேலைக்குப் போகும் உரிமையை இழப்பது, விரும்பிய இடத்துக்குப் போகும் உரிமையை இழப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலே போதும். மாசி மகத்தன்று பல மாவட்ட இருளர்கள் மாமல்லபுரம் கடற்கரைக்கு வந்து, மணலில் கன்னியம்மனை வழிபட்டு, அங்கேயே பிள்ளைகளுக்குத் திருமணமும் முடிக்கிறார்கள். அன்று தன் தெய்வத்திடம் போக ஒருவர் ஆலை முதலாளியின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டுமென்றால், அவர் நிலை என்ன என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

“கஷ்டத்தில் கை கொடுத்தோம், வாங்கிய கடனை அடைக்காமல் போவது தர்மமா?” என்று கேட்பவர்கள் உண்டு. இதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. கடன்பட்டவரே பலநேரம் அப்படித்தான் நம்புகிறார். கடனை வைத்துவிட்டுச் செத்தால் பிள்ளை தலையில் விழும் என்ற அச்சம்தான் அவரைக் களத்தைவிட்டு நகரவிடாமல் வைக்கிறது. ஆனால் கொடுத்தவனே கணக்கு எழுதி, கொடுத்தவனே கூலியை முடிவு செய்து, உழைக்க உழைக்க ஏறுகிற தொகைக்குக் கடன் என்ற பெயர் எப்படிப் பொருந்தும்? நல்லெண்ணம் அங்கே சுரண்டப்படுகிறது. 1976 சட்டம் அத்தகைய கடனை அடியோடு ரத்து செய்தது. அது கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்கும் சுமையையும் கடன் கொடுத்தவர் மேலேயே வைத்தது. சட்டம் இங்கே அறத்தின் பக்கம் தெளிவாக நிற்கிறது.

பெரிய நிறுவனங்களைக் காகிதம் துரத்துகிறது. பிரிட்டனின் 2015 நவீன அடிமைமுறைச் சட்டம் ஆண்டுக்கு 3.6 கோடி பவுண்டு விற்றுமுதலுக்கு மேற்பட்டவர்களிடம் அறிக்கை கேட்கிறது; நம் பங்குச்சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபி, பட்டியலிடப்பட்ட முதல் ஆயிரம் நிறுவனங்களிடம் கேட்கிறது. மாமல்லபுரத்து கேட்டரிங்காரரிடம் யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டியவர் அவரேதான். அதற்கு வசதியும் அவருக்கு உண்டு: ஆலை ஒரு மணி நேரத் தொலைவில்தான் இருக்கிறது. போய்ப் பார்க்கலாம். களத்தில் வேலை செய்பவர்கள் எங்கே தங்குகிறார்கள், பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்களா, கூலி யார் கையில் வருகிறது, போன பொங்கலுக்கு ஊருக்குப் போனார்களா? மூட்டைக்கு ஐம்பது ரூபாய் குறைவாகத் தருகிறேன் என்பவரிடம் அது எங்கிருந்து குறைகிறது என்றும் கேட்கலாம். குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது அரசியல் சாசனத்தின் 23-ஆம் பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் 1982-இலேயே சொல்லிவிட்டது.

ஐயம் வந்ததும் வேறு ஆலைக்கு மாறிக்கொண்டு வாய்மூடி இருப்பது பலர் செய்வது. இவர் கை சுத்தமாகும். களத்தில் இருப்பவர் அங்கேயேதான் இருப்பார். முதலாளியை எச்சரிப்பது அதைவிடக் கேடு. இரவோடு இரவாகக் குடும்பங்களை வேறு இடத்துக்கு ஏற்றிவிடுவார்கள். கோட்டாட்சியரிடமோ ஆட்சியரிடமோ எழுத்தில் கொடுங்கள். அவர்கள் தரும் விடுதலைச் சான்றுதான் கடன் ரத்தானதற்கு அந்தக் குடும்பத்தின் கையில் இருக்கும் ஆதாரம். அதன் பிறகு, மீண்டு வந்தவர்களிடமிருந்தே வாங்குங்கள்: திருவள்ளூர் மாவட்டத்தில் மீட்கப்பட்ட இருளர் குடும்பங்கள் சொந்தமாகச் செங்கல் சூளை நடத்தியிருக்கிறார்கள்.