சும்மா கிடக்கும் நிலம்

எங்கள் தண்டையார்பேட்டையில் வேலை செய்யாத நிலம் ஒரு சாண்கூடக் கிடையாது. ஒரு பக்கம் துறைமுகத்துக்கு வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகள். மறுபக்கம் எண்ணெய்த் தொட்டிகள், சரக்கு ரயில் பாதைகள், குடோன்கள். நடுவில் நெருக்கியடித்து வீடுகள். அந்த வீடுகளின் வாசற்படியிலும் தையல் மெஷின், இட்லி மாவு என்று ஏதாவது ஒரு பிழைப்பு ஓடிக்கொண்டிருக்கும். மனிதர்களும் அப்படித்தான். வெளியே கிளம்பினால் ஒரு வேலை இருக்க வேண்டும், துணைக்கு ஆள் இருக்க வேண்டும்.

"எங்கக்கா கெளம்பிட்ட?" என்று கேட்டாள் கீழ்வீட்டுப் பெண்.

"கிண்டிக்கு. மான் பாக்க."

"பசங்கள இட்டுனு போறியா?"

"இல்லம்மா, நான் மட்டுந்தான்."

"மான் பாத்து இன்னாக்கா ஆவப்போது?"

அதில் கேலி இல்லை. காலையிலிருந்து இரவுவரை உழைக்கிறவள் கேட்ட நியாயமான கேள்வி.

2021இல் மெட்ரோ எங்கள் ஊருக்கு வந்தபிறகு கிண்டி பக்கமாகிவிட்டது. தண்டையார்பேட்டையில் பூமிக்கடியில் ஏறினால், சைதாப்பேட்டை தாண்டியதும் ரயில் மேலேறி வெளிச்சத்துக்கு வருகிறது. சின்னமலையில் இறங்கி நடந்தால் காட்டின் ஓரம் வந்துவிடும். கிண்டி தேசியப் பூங்காவின் உள்காட்டுக்குள் வனத்துறையின் அனுமதி இல்லாமல் போக முடியாது. சிறுவர் பூங்காவில் சுற்றலாம். சர்தார் பட்டேல் சாலையில் காந்தி மண்டப வளாகத்தில் காட்டை ஒட்டியே நடக்கலாம். நான் அப்படித்தான் நடந்தேன். கூட யாரும் இல்லாததால் நினைத்த இடத்தில் நிற்க முடிந்தது, நினைத்த நேரம்வரை நிற்க முடிந்தது.

வேலிக்கு அந்தப்புறம், வேப்ப மர நிழலில் ஓர் ஆண் புள்ளிமான். ஆண்டுக்கொரு முறை உதிர்ந்து முளைக்கும் கொம்பு அப்போதுதான் வளர்ந்துகொண்டிருந்தது. கொம்பின்மேல் இன்னும் தோல் மூடியிருந்தது, அதில் பொடிமயிர். சாலையில் பஸ்கள் விடாமல் ஹாரன் அடித்தன. அது காதைக்கூட அசைக்கவில்லை. என் செருப்பு ஒரு காய்ந்த இலையை உரசியதும் இரண்டு காதுகளும் என் பக்கம் நிமிர்ந்தன. முன்காலால் தரையை ஒரு தட்டு தட்டியது. நான் அசையாமல் நின்றேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, என்னால் ஆபத்தில்லை என்று முடிவுசெய்ததுபோலத் தலையைத் தாழ்த்தி மேயத் தொடங்கியது.

ஆனது அவ்வளவுதான். அம்மா, மகள், அண்ணி, பக்கத்து வீட்டு அக்கா என்று யாராவது ஒருவருக்கு எப்போதும் தேவைப்பட்டுக்கொண்டே இருக்கிறவள் நான். இந்த உயிருக்கு நான் எந்த விதத்திலும் தேவைப்படவில்லை. அது மனசுக்கு எவ்வளவு பெரிய இளைப்பாறல் என்று தனியாக நின்றபோதுதான் புரிந்தது.

இந்தக் காடு ஒரு காலத்தில் 505 ஹெக்டேர். 1821இல் கில்பர்ட் ரோடரிக்ஸ் என்பவரிடமிருந்து அரசு இதை 35,000 ரூபாய்க்கு வாங்கியது. 1958இல் ஒரு பகுதி ஐஐடிக்குப் போனது. 1961க்கும் 1977க்கும் இடையில் கல்வி நிலையங்களுக்கும் நினைவு மண்டபங்களுக்குமாக இன்னும் 170 ஹெக்டேருக்கு மேல் போனது. 1978இல் தேசியப் பூங்காவாக அறிவித்ததால் மிஞ்சியது ஏறத்தாழ 270 ஹெக்டேர்.

ஒரே அறையில் ஏழெட்டுப் பேர் படுத்துறங்கும் ஊரிலிருந்து போகிறவளுக்கு, மானுக்கு இத்தனை இடமா என்ற எண்ணம் வராமல் இருக்காது. எனக்கும் வந்தது. ஆனால் இந்தக் காட்டிலிருந்து எடுத்த நிலம் எதுவும் எங்கள் தெருக்காரர்களுக்கு வீடாக வந்து சேரவில்லை. காடு சுருங்கியதால் ஏழைக்கு இடம் கிடைத்தது என்பது நடக்காத கதை.

கிண்டிக்குள் வெளிமான்களும் இருக்கின்றன. ஆணுக்கு முறுக்கிய கொம்பு, கறுத்த முதுகு, வெள்ளை வயிறு, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். அன்று ஒன்றும் என் கண்ணில் படவில்லை. உள்ளே போலோ மைதானம் என்று இன்றும் அழைக்கப்படும் புல்வெளிதான் அவற்றின் இடம். வெளிமான் புதரில் பதுங்கிப் பிழைக்கும் பிராணி அல்ல. எதிரியைத் தூரத்திலேயே பார்த்து, காற்றாய் ஓடித் தப்புவது அதன் வழி. அதற்கு மரங்களைவிட வெட்டவெளிதான் முக்கியம். புல்வெளியில் மரமும் புதரும் மண்டினால் அதன் வாழ்வு சுருங்கிவிடும். 'காலியாகத்தானே கிடக்கிறது, நாலு மரமாவது நடலாமே' என்று நல்லெண்ணத்தில் செய்கிற காரியம்கூட அதைத் துரத்திவிடக்கூடும். நமக்கு வெறுமையாகத் தெரிகிற இடம் அதற்கு முழுசான வீடு.

இதை எங்கள் பக்கத்தை நினைக்காமல் என்னால் எழுத முடியவில்லை. கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் எண்ணூர் கழிமுகத்தையும் காலி இடமாகத்தான் பார்த்தார்கள். அனல்மின் நிலையச் சாம்பல் அங்கே படிந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு வந்து பரவியபோது, கூழைக்கடாக்கள் இறகெல்லாம் கறுத்துப் பறக்க முடியாமல் தவித்தன. அந்தக் கழிமுகச் சேற்றில்தான் மீனவர்கள் வலை போடுகிறார்கள். வாயில் பறியைக் கவ்விக்கொண்டு, கையாலேயே துழாவி இறால் பிடிக்கிற இருளர் குடும்பங்களுக்கும் அந்தச் சேறுதான் சோறு. வரைபடத்தில் ஒன்றுமில்லாத இடம், ஒரு தலைமுறையின் வயிற்றுப்பாடு.

நம்முடைய நேரத்தையும் நாம் அப்படித்தான் நடத்துகிறோம். ஒரு மணி நேரம் சும்மா இருந்தால் அதில் ஏதாவது ஒரு வேலையைக் கொண்டுவந்து கொட்டிவிடுகிறோம். ஓய்வு பணக்காரர்களுக்கு, ஏழைக்கு எதற்கு என்று நாமே நம்பவும் பழகிவிட்டோம். இதை நான் ஏற்கவில்லை. லோடு ஏற்றுகிற தம்பிக்கும், வீட்டு வேலைக்குப் போகிற அக்காவுக்கும், யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டாத ஒரு பகல் வேண்டும். அந்தப் பகலில் போய் நிற்க, கட்டடம் எழும்பாத ஓர் இடமும் வேண்டும். அது கிண்டியில் மட்டும் இருந்தால் போதாது. எண்ணூர் கழிமுகத்தைச் சாம்பல் நீக்கி, நீர் ஓடவிட்டு, அதன்போக்கில் விட்டுவையுங்கள் என்று வடசென்னை கேட்பது சலுகை அல்ல, எங்களுக்கு வர வேண்டிய பங்கு.