வெள்ளைத் தாமரையும் கறுத்த தண்ணீரும்

மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரையில் நின்று வாவியைப் பார்ப்பவருக்கு விடியல் வெயில் முதுகில் படும். மேற்குக் கரையான படுவான்கரையிலோ அது முகத்தில் அடிக்கும். கிழக்கே குருமண்வெளியில் 'பாதை' என்னும் மிதவைப் படகில் ஏறி, மேற்கே மண்டூர்த் துறையில் இறங்கிப் பூப்படம் எடுக்க நினைப்பவருக்கு இந்தத் திசைதான் முதல் பாடம்.

வயலோரக் குளங்களில் தாமரை காலையில் விரியும். வெயில் ஏற ஏறக் கூம்பத் தொடங்கும். மேற்குக் கரையில் கிழக்கே பார்த்துக் குந்தினால் ஒளி பூவுக்குப் பின்னாலிருந்து வரும். தடித்த வெள்ளையாகத் தெரிந்த இதழுக்குள் மெல்லிய நரம்புகள் ஓடுவது தெரியும். ஓர் இதழின் நிழல் அடுத்த இதழில் ஊறி நிற்பதும் தெரியும். வெயிலை முதுகில் வாங்கி எடுத்தால் படம் தெளிவாகவே வரும்; இந்த ஊடொளி மட்டும் வராது.

ஆனால் கமரா இங்கே தடுமாறும். எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பல் என்று வைத்தே அது ஒளியை அளக்கிறது. சட்டம் முழுக்கக் கறுத்த தண்ணீர், நடுவில் ஒரு வெள்ளைத் தாமரை என்றால், இருட்டைக் கண்டு ஒளியைக் கூட்டிவிடும். இதழ் வெளிறி, நரம்பெல்லாம் அழிந்துபோகும். பூவே சட்டத்தை நிறைத்தால் நேர்மாறு: வெள்ளை அழுக்குச் சாம்பலாகும். அதனால் இதழின் மிக வெளிச்சமான இடத்தை மட்டும் அளந்து, அதற்கு மேல் ஒன்று, ஒன்றரை ஸ்டொப் கூட்டுங்கள். தண்ணீர் இருண்டுபோகும். போகட்டும். இருட்டிலிருந்து பிறகு கொஞ்சம் மீட்கலாம். வெளிறிய இதழில் மீட்க ஒன்றுமில்லை.

அந்தப் 'போகட்டும்' தான் வாயில் வர மறுக்கும். தோணியும் வேண்டும், கரையும் வேண்டும், வானமும் வேண்டும் என்று மனம் அடம்பிடிக்கும். அமெரிக்கப் புகைப்படக் கலைஞரான இமோஜன் கன்னிங்ஹாம் சின்னப் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு வீட்டுத் தோட்டத்துச் செடிகளைப் படமெடுத்தவர். 1925இல் அவர் எடுத்த மக்னோலியா படத்தில் இதழ்களின் ஓரங்களைக்கூடச் சட்டத்துக்கு வெளியே விட்டுவிட்டார். கண் நேரே நடுக் கேசரத்தில் போய் நிற்கிறது.

மண்டூர் முருகன் கோயிலில், கதிர்காமத்தைப் போலவே, பூசகரான கப்புகனார் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு பூசை செய்கிறார். மந்திரம் கேட்பதில்லை, கும்பிட வந்தவருக்கு அதில் குறையும் தெரிவதில்லை. பூவுக்கு முன்னாலும் இப்படித்தான் என்று நம்புகிறேன். ஒன்றின்மேல் உண்மையான பிரியம் வந்துவிட்டால், மற்றவற்றைச் சொல்லாமல் விடத் துணிவும் வந்துவிடுகிறது. கமராவுக்கு அந்தப் பிரியம் கிடையாது. அதற்கு இதழும் சேறும் ஒன்றே. எது காக்கப்பட வேண்டும் என்று நாம்தான் அதற்குச் சொல்ல வேண்டும்.

இலங்கையின் தேசியப் பூவான நீலோற்பலத்துக்கு இந்தக் கணக்கு மாறும். அதன் இதழ் வெள்ளையளவு வெளிச்சமில்லை. அளந்தபடியே எடுக்கலாம், கூட்டத் தேவையில்லை. நடுவிலுள்ள மஞ்சள் கேசரத்தில் ஒரு கண் வையுங்கள், முதலில் வெளிறுவது அதுதான். தண்டு நீண்டது, சின்னக் காற்றுக்கும் அசையும். ஷட்டர் வேகத்தைக் கூட்டிவைத்துக்கொண்டே குளத்தில் இறங்குங்கள்.