இல்லமும் வகுப்பறையும்

பெற்றோருக்குச் சேரவேண்டிய பொருளைக் ‘கொர்பான்’, அதாவது கடவுளுக்கான காணிக்கை, என்று சொல்லித் தட்டிக்கழித்தவர்களை ஆண்டவர் கடிந்துகொண்டதை மாற்கு நற்செய்தியின் ஏழாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அந்தப் பரிசேயர்களின் காலத்தோடு அப்பழக்கம் மறைந்துவிட்டதென எண்ணி நாமும் அப்பகுதியை எளிதாகக் கடந்துவிடுகிறோம். ஆனால் கடமை, தொண்டு, பணி என்னும் புதிய பெயர்களைப் பூண்டு ‘கொர்பான்’ நம் நடுவே உலவிக்கொண்டுதான் இருக்கிறது. ஊரார் அனைவரும் போற்றும் ஆசிரியர் ஒருவரின் பிள்ளைகள் தந்தையோடு அமர்ந்து உண்ட நாள்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர் கெட்டவரல்லர், நல்லவர் என்பதே இங்குள்ள சிக்கல். இதற்கு நேர்மாறாக, “எனக்கும் குடும்பம் இருக்கிறது” என்னும் ஒரே சொல்லால் வகுப்பறைக்குரிய உழைப்பைச் சுருக்கிக்கொள்வோரும் உண்டு.

இல்லத்திற்கும் பணிக்கும் ஒருசேர உண்மையாக இருத்தல் இயலுமா? இயலும் என்று வாயால் சொல்வது எளிது. வாழ்ந்து பார்த்த ஒருவரிடம் கேட்பதே முறை.

நம் பங்குகள் பலவற்றில் இயங்கும் வின்சென்ட் தெ பவுல் சபையின் வழியாக அருளாளர் பிரெடரிக் ஓசானாமின் பெயரை நாம் அறிவோம். 1833இல், தம் இருபதாம் வயதில், நண்பர் சிலரோடு அச்சபையைத் தொடங்கியவர் என்பதே அவரைப்பற்றி நமக்குத் தெரிந்த செய்தி. அவர் பாரிசின் சோர்போன் பல்கலைக்கழகத்தில் அயல்நாட்டு இலக்கியப் பேராசிரியராக இருந்தார் என்பதும், ஒரு மனைவிக்குக் கணவராகவும் ஒரு மகளுக்குத் தந்தையாகவும் வாழ்ந்து மறைந்தார் என்பதும் அடிக்குறிப்பைப் போல ஒதுங்கிப்போயின. நமக்கோ அந்த அடிக்குறிப்பிலேதான் அவரது தூய்மையின் பெரும்பகுதி இருப்பதாகத் தோன்றுகிறது.

1813இல் இத்தாலியின் மிலான் நகரில் பிறந்து, பிரான்சின் லியோனில் வளர்ந்தவர் ஓசானாம். தந்தை மருத்துவர், ஏழை நோயாளியரைக் காணச் சென்றவிடத்தில் படிக்கட்டிலிருந்து விழுந்து 1837இல் இறந்தார். மகன் சட்டத்திலும் இலக்கியத்திலும் முனைவர் பட்டம் பெற்றார். தாந்தேயைப்பற்றியது இலக்கிய ஆய்வு. 1840இல் நடந்த கடும் போட்டித்தேர்வில் முதலிடம் பெற்றதால் சோர்போனில் துணைநிலை ஆசிரியப் பணி கிடைத்தது. லியோனிலேயே தங்கியிருந்தால் இதைவிட வருமானமும் உறுதியும் மிகுந்த பதவிகள் காத்திருந்தன. அப்போது அவருக்கு மணம் பேசப்பட்டிருந்த அமேலி சுலாக்ருவா, லியோன் கல்வித்துறைத் தலைவரின் மகள். நிலையற்ற பாரிஸ் வாழ்வை ஏற்பதா என்பதை ஓசானாம் தனியே முடிவுசெய்யவில்லை. அமேலியின் இசைவைப் பெற்ற பின்னரே துணிந்தார். அம்முடிவு தொடக்கத்திலேயே இருவருடைய முடிவாயிற்று. 1841ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் நாள் அவர்கள் மணம் நடந்தது.

அருள்பணியாளரோ துறவியோ ஆகவேண்டியவர் திருமணக் கண்ணியில் விழுந்துவிட்டாரே என்று மறையுரையாளர் லக்கோர்தேர் வருந்தினாராம். அதைக் கேள்வியுற்ற திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர், ஆண்டவர் ஏழு திருவருட்சாதனங்களை ஏற்படுத்தினார் என்றல்லவா எண்ணியிருந்தோம், அவை ஆறும் ஒரு கண்ணியும்தானா என்று வேடிக்கையாகக் கேட்டாராம். சிரித்துவிட்டு மறக்கத்தக்க கதையன்று இது. இல்லறத்தை இரண்டாந்தரத் தூய்மையாக எண்ணும் மனப்பாங்கு, குருமடத்தில் பயின்ற நம்மைப் போன்றோரிடமும் எளிதில் விடைபெறுவதில்லை.

மணநாளின் நினைவாக ஒவ்வொரு மாதமும் 23ஆம் நாள் ஓசானாம் மனைவிக்கு மலர்கள் அளிப்பார். சிறு செயல்தான். ஆனால் விரிவுரை, தேர்வுத்தாள், ஆய்வு நூல், ஏழையர் சந்திப்பு என்று நெருக்கும் வாழ்வில் ஒரு நாளை மாதந்தோறும் தவறாது நினைவில் கொள்பவரின் மனத்தில் இல்லாள் எந்த இடத்தில் இருந்தார் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. கருச்சிதைவுகளின் துயரை இருவரும் சேர்ந்தே சுமந்தனர். 1845இல் மகள் மரி பிறந்தாள்.

வகுப்பறையிலும் இதே கவனம் இருந்தது. அவரது உழைப்பு மிகுந்த முன்தயாரிப்பையும் மூலநூல்களில் விடாது தேடும் பிடிவாதத்தையும் நண்பர் ஜான் ஜாக் ஆம்பியேர் வியந்து எழுதியிருக்கிறார். விரிவுரைக்குப் புறப்படுமுன் முழந்தாளிட்டுச் செபிப்பது அவர் வழக்கம். நம்பிக்கையற்றோர் நிறைந்த பல்கலைக்கழகம் அது. அவரது பாட அறிவிப்புச் சுவரொட்டியில் ‘இலக்கியம்’ என்பதை அடித்து ‘இறையியல்’ என்று எவரோ கேலியாக எழுதிவைத்தபோது, வகுப்பை முடித்த பின்னரே அவர் மறுமொழி தந்தார். தாம் இறையியலார் அல்லர் என்றும், கிறிஸ்தவர் என்பதே தமக்கு மகிழ்ச்சி என்றும் அமைதியாகச் சொன்னார். முதலில் பாடம், பிறகே தன்னிலை விளக்கம் என்ற அந்த வரிசையை நாம் கவனிக்கவேண்டும். பாடத்தை நன்கு நடத்தாத ஆசிரியரின் நம்பிக்கை அறிக்கையை மாணவர் எவரும் பொருட்படுத்துவதில்லை.

இல்லமும் தொண்டும் மோதிய ஒரு நாளைப்பற்றி அவர் வாழ்க்கை வரலாறு கூறுகிறது. ஒரு புத்தாண்டு நாளில், வறுமையால் தங்கள் இழுப்பறைப் பெட்டியை அடகுவைத்துவிட்ட ஏழைக் குடும்பம் ஒன்று அவர் நினைவுக்கு வந்தது. மீட்டுக்கொடுக்க விரும்பினார். அமேலி தக்க காரணங்களைச் சொல்லித் தடுத்தார், அவரும் இணங்கினார். மாலையில் மகளைச் சுற்றிக் கிடந்த புத்தாண்டுப் பரிசுப்பொருள்களைக் கண்டதும் முகம் வாடிற்று. கொடுத்த இனிப்பையும் தொடவில்லை. இம்முறை அமேலியே அவரை அனுப்பிவைத்தார். பெட்டியை மீட்டு அந்த வீட்டில் சேர்த்துவிட்டு, மகிழ்ச்சியோடு திரும்பினார்.

அன்புக்கும் ஒரு வரிசை உண்டு என்பது புனித தாமஸ் அக்குவினாரின் போதனை. நெருங்கியோர்க்கே முதற்கடன், ஆயினும் அயலார் கடுந்தேவையில் உழலும்போது அவர் முந்தவும் கூடும் என்கிறார் அவர். இந்த நுட்பத்தை நூலில் கற்பது ஒன்று. மகளின் விளையாட்டுப் பொருள்களைப் பார்த்து உணர்வது வேறு. ஓசானாமுக்குத் தம் பிள்ளைமீதிருந்த அன்பே அடுத்த வீட்டுப் பிள்ளையைக் காட்டிக்கொடுத்தது. குடும்பப் பாசம் தொண்டுக்குத் தடை என்போர் இதை எண்ணிப் பார்ப்பார்களாக.

ஆனால் எல்லாம் இப்படி இனிதாகப் பொருந்திவிடவில்லை. 1852ஆம் ஆண்டின் இளவேனிலில் அவர் நோயுற்றுப் படுத்திருந்தார். பேராசிரியர்கள் ஊதியம் பெற்றுக்கொண்டு கடமையைத் தட்டிக்கழிப்பதாக மாணவர்கள் கூச்சலிட்டனர். செய்தி செவிக்கு எட்டியதும் படுக்கையை விட்டு எழுந்தார். மனைவியும் மருத்துவரும் மன்றாடினர். தம் தொழிலின் மதிப்பைக் காப்பேன் என்று சொல்லிச் சோர்போனுக்குச் சென்று, வெளிறிய முகத்தோடு பேசினார். அரங்கம் ஆரவாரித்தது. அவர் ஆசிரிய வாழ்வு ஏறத்தாழ அத்துடன் முடிந்தது.

இச்செயலை ஈகத்தின் சிகரமாகப் போற்றுவது வழக்கம். நாமோ சற்றுத் தயங்குகிறோம். ஆறு வயதுப் பெண்குழந்தையின் தந்தை அவர். அன்று நியாயம் அமேலியின் பக்கமே இருந்தது என்றே நமக்குப் படுகிறது. அருளாளர்களின் ஒவ்வொரு செயலும் பின்பற்றத்தக்கது என்று திருச்சபை எங்கும் கற்பிக்கவில்லை. எனினும் அந்த ஒரு நாளைக்கொண்டு அவர் குடும்பத்தைப் புறக்கணித்தார் என்பதும் அநீதியே. ஏனெனில் அடுத்த ஆண்டு அவரே எழுதிய ஒரு செபம் நம்மிடம் இருக்கிறது.

உடல்நலம் தேடி இத்தாலியின் பீசா நகரில் தங்கியிருந்தபோது, 1853 ஏப்ரல் 23ஆம் நாள், தம் நாற்பதாம் பிறந்தநாளில் அவர் அதை எழுதினார். எசேக்கியா அரசன் நோயில் வடித்த புலம்பலே அதற்குத் தூண்டுகோல். இறைவனோடு பேரம் பேசும் மனிதரை அதில் காண்கிறோம். இலக்கியப் புகழைத் தரவா? கல்விக்கழகப் பதவிகள்மீதுள்ள ஆசையைத் தரவா? ஆய்வுத் திட்டங்களைத் தரவா? நூல்களில் பாதியை விற்று ஏழைகளுக்குக் கொடுக்கவா? இவற்றையெல்லாம் பெற்றுக்கொண்டு, மனைவியின் அருகில் முதுமை எய்தவும் மகளின் கல்வியை நிறைவு செய்யவும் விடலாகாதா என்று கேட்கிறார். இறுதியில், இறைவன் கேட்பது இவற்றையன்று, தம்மையே என்று உணர்ந்து பணிகிறார்.

அந்தப் பட்டியலை நாம் பலமுறை வாசித்திருக்கிறோம். விட்டுக்கொடுக்க முன்வந்தவற்றுள் புகழ் இருக்கிறது, பதவி ஆசை இருக்கிறது, அவர் உயிராய் மதித்த ஆய்வும் இருக்கிறது. மனைவியும் மகளும் அதில் இல்லை. தம் பணிக்குரிய அன்றாடக் கடமையும் இல்லை. அதை நிறைவேற்றுவேன் என்றே அங்கும் சொல்கிறார். சாவின் நிழலில் நின்று பார்த்தபோது, இல்லமும் வகுப்பறையும் ஒரே பக்கத்திலும், அவற்றைச் சுற்றிப் படர்ந்த புகழாசை மறுபக்கத்திலுமாக அவருக்குத் தெரிந்தன. பிள்ளைகளின் உணவுவேளையை விழுங்குவது பெரும்பாலும் பாடம் கற்பித்தலன்று. மேடை, தலைமைப் பொறுப்பு, நான் இல்லாவிட்டால் எதுவும் நடவாது என்னும் எண்ணம் ஆகியவையே. (அருள்பணியாளரும் இக்கணக்கிலிருந்து விலக்குப் பெற்றவரல்லர்.)

அவ்வாண்டு ஆகஸ்ட் 23ஆம் நாளை அவர் அன்திஞ்ஞானோ என்னும் கடலோரச் சிற்றூரில் கழித்தார். பூங்கொத்து வாங்கும் வாய்ப்பில்லை. கரையோரம் வளர்ந்திருந்த மிர்த்துச் செடியின் கிளையொன்றை அமேலிக்குக் கொடுத்தார். பதினாறு நாள்களுக்குப் பின், செப்டம்பர் 8ஆம் நாள், நாடு திரும்பும் வழியில் மார்செய் நகரில் இறந்தார். 1997ஆம் ஆண்டு ஆகஸ்ட் 22ஆம் நாள் பாரிசின் நோத்ர தாம் பேராலயத்தில் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அவரை அருளாளராக அறிவித்தார்.

அமேலி 1894வரை கைம்பெண்ணாக வாழ்ந்து மகளை வளர்த்து ஆளாக்கினார். கணவர் அச்சேற்றாமல் விட்டுச்சென்ற சோர்போன் விரிவுரைகள் ஆம்பியேர் முதலிய நண்பர்களின் துணையோடு தொகுக்கப்பட்டு, 1855 முதல் நூல்களாக வெளிவந்தன. வகுப்புக்குப் போகவேண்டாம் என்று மன்றாடிய அதே கைகள் அந்த வகுப்புக் குறிப்புகளைப் பாதுகாத்துத் தந்தன.