கழுவுமுன் படம் எங்கே இருக்கிறது?

கேமராவில் ஒளி பட்டு, இன்னும் கழுவப்படாத ஃபிலிமில் படம் இருக்கிறதா, இல்லையா? இந்தியத் தத்துவ மரபுகள் நெடுங்காலம் வாதிட்ட ஒரு கேள்வியின் இன்னொரு வடிவம் இது. காரியம் தோன்றுமுன் தன் காரணத்துக்குள் இருந்தது என்பது சற்காரியவாதம். சாங்கியமும் சைவ சித்தாந்தமும் இதை ஏற்கின்றன. காரியம் முன்பு இல்லாதது, புதிதாகவே தோன்றுகிறது என்பது அசற்காரியவாதம். இது நியாய, வைசேடிகர்களின் நிலை. மண்ணில் குடம் முன்பே உண்டா என்று அவர்கள் கேட்டதை ஃபிலிமை வைத்தும் கேட்கலாம். இங்கே விடையைச் சோதிக்க வழியும் உண்டு. கறுப்பு-வெள்ளை ஷீட் ஃபிலிமை இரண்டு கரைசல்களில் கழுவும் முறை அந்தச் சோதனைக்கு மிகவும் பொருத்தமானது.

முதலில், கழுவப்படாத ஃபிலிமில் இருப்பது என்ன என்று பார்க்க வேண்டும். ஃபிலிமின் எமல்ஷன், ஜெலட்டினில் பரவிக் கிடக்கும் வெள்ளி ஹாலைடு படிகங்களால் ஆனது. ஒளி விழுந்த படிகத்தில் சில வெள்ளி அணுக்கள் ஓரிடத்தில் திரள்கின்றன. இந்தத் திரட்சி எவ்வாறு நிகழ்கிறது என்பதற்கான விளக்கத்தை 1938-இல் கர்னி, மாட் என்ற இருவர் அளித்தனர். நான்கு அணுக்கள் அளவுக்குச் சேர்ந்தாலே அந்தப் படிகம், கழுவும் கரைசலான டெவலப்பருக்கு இணங்கும் தகுதியைப் பெறுகிறது. இதுவே மறைபடிமம். கண்ணுக்கு எட்டாத இந்தத் திரட்சியைத் தொடக்கப் புள்ளியாகக் கொண்டு டெவலப்பர் அந்தப் படிகம் முழுவதையும் கரிய வெள்ளியாக மாற்றுகிறது. ஒளி செய்த வேலை இவ்வாறு நூறு கோடி மடங்கு என்ற அளவில் பெருகுகிறது.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. ஒளி படாத படிகமும் டெவலப்பரில் நெடுநேரம் கிடந்தால் கறுத்துவிடும். ஃபிலிம் முழுவதும் புகைபோல் படரும் மங்கல் அப்படித்தான் வருகிறது. ஆகவே ஒளி பட்ட படிகத்துக்கும் படாததற்கும் உள்ள வேறுபாடு வேகத்தில்தான். மறைபடிமத்தைச் சிறிய படம் என்று எண்ணுவது பிழை. எந்தப் படிகம் முந்தும், எது பிந்தும் என்ற ஆயத்த நிலையின் வேறுபாடுதான் அங்கே பதிந்திருக்கிறது.

வழக்கமான முறையில், வெள்ளியை வெளிக்கொணரும் பொருளும் அதைத் தூண்டும் காரமும் ஒரே டெவலப்பரில் கலந்திருக்கும். இருகரைசல் முறை அவற்றைப் பிரிக்கிறது. பெயர்பெற்ற ஒரு வாய்பாட்டில், முதல் கரைசலின் ஒரு லிட்டருக்கு, வெள்ளியை வெளிக்கொணரும் பொருளான மெட்டால் 7.5 கிராமும் சோடியம் சல்ஃபைட் 100 கிராமும் சேர்கின்றன. இரண்டாம் கரைசலில் லிட்டருக்கு 10 கிராம் சோடியம் மெட்டாபோரேட் என்ற மென்காரம் மட்டும் இருக்கும். முழு இருட்டில், ஃபிலிமின் ஓரத்திலுள்ள வெட்டுக் குறியை விரலால் தடவி எமல்ஷன் பக்கத்தை அறிந்து, அதை முதல் கரைசலில் சில நிமிடங்கள் அசைத்தபடி வைக்க வேண்டும். ஜெலட்டின் அந்தக் கரைசலை உறிஞ்சிக்கொள்ளும். முன்கூட்டியே தண்ணீரில் நனைத்தால் உறிஞ்சுவது குறையும் என்பதால் பெரும்பாலும் அதைத் தவிர்ப்பார்கள். பின்னர், நடுவே அலசாமல் இரண்டாம் கரைசலுக்கு மாற்றி, மூன்று நிமிடமோ சற்றுக் கூடுதலாகவோ மிகக் குறைந்த அசைவுடன் விட வேண்டும்.

முதல் கரைசலிலுள்ள சல்ஃபைட்டும் லேசான காரத்தன்மை உடையதாதலால் அங்கேயே ஓரளவு வேலை தொடங்கிவிடும். ஆனால் இந்த முறையின் சிறப்பு இரண்டாம் கரைசலில்தான் வெளிப்படுகிறது. காரம் ஜெலட்டினுக்குள் புகுந்ததும் உறிஞ்சப்பட்ட மெட்டால் முழு வேகத்தில் செயல்படுகிறது. வெயில் பட்ட சுவர், மேகம் போன்ற ஒளிப்பகுதிகளில் ஆயத்தமான படிகங்கள் மிகுதி. அங்கிருக்கும் மெட்டால் விரைவில் தீர்ந்து வேலை நின்றுவிடும். நிழற்பகுதியில் அத்தகைய படிகங்கள் குறைவு. அங்கே மெட்டால் மிஞ்சியிருப்பதால் வேலை தொடரும். ஒளிப்பகுதி அளவுக்கு மீறிக் கறுக்காமலும் நிழற்பகுதி பட்டினி கிடக்காமலும் நெகட்டிவ் உருவாகிறது. ஷீட் ஃபிலிமில் ஒவ்வொரு படமும் தனித் தாள் என்பதால், கடும் வெளிச்ச வேறுபாடு உள்ள காட்சிக்கு மட்டும் இந்த முறையைத் தேர்ந்துகொள்ளலாம்.

இனி இரு வாதங்களையும் இந்த நெகட்டிவின் முன் நிறுத்தலாம். சற்காரியவாதத்துக்குச் சாதகமான சான்று வலுவானது. நிழலின் ஆழத்திலிருந்து போதிய ஒளி ஃபிலிமுக்கு வரவில்லை என்றால், எந்தக் கரைசலும் அங்கே ஒரு முகத்தையோ இலையையோ வரவழைக்காது. நெடுநேரம் கழுவினால் மங்கல்தான் மிஞ்சும். காட்சியில் கூடுதல் ஒளி வந்த இடம், எந்த முறையில் முறையாகக் கழுவினாலும், ஒளி குறைந்த இடத்தைவிட அதிகமாகவே கறுக்கும். இந்த வரிசையைக் கழுவுகிறவர் உண்டாக்கவில்லை. அது முன்பே பதிந்திருக்கிறது.

இந்தச் சான்றை எல்லைவரை கொண்டுபோனவர்களும் உண்டு. 1890-இல் ஹர்ட்டர், ட்ரிஃபீல்ட் என்ற இருவர் இங்கிலாந்தில் வெளியிட்ட ஆய்வு, கழுவும் நேரத்தை நீட்டினாலும் குறைத்தாலும் அடர்த்திகளுக்கு இடையேயான விகிதம் மாறாது என்றது. அதற்கு முந்தைய ஆண்டுதான் ஒளிப்படக்காரர் பீட்டர் ஹென்றி எமர்சன் ஒளிப்படத்தைக் கலையாக நிறுவும் நூல் ஒன்றை வெளியிட்டிருந்தார். இந்த ஆய்வும் அவர் மனம் மாறுவதற்கு ஒரு காரணமாயிற்று. ஒளிப்படக்காரரின் கட்டுப்பாடு இத்தனை குறுகியது என்றால் ஒளிப்படம் கலையாகாது என்று முடிவு செய்து, தம் கொள்கை இறந்துவிட்டதாகக் கறுப்புக் கரையிட்ட சிறு வெளியீட்டிலேயே அவர் அறிவித்தார். எல்லாம் முன்பே உள்ளது என்றால் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

அந்த முடிவு பிழையானது என்பதற்கு இருகரைசல் முறையே சான்று. வரிசை மாறாவிட்டாலும், வரிசையில் அடுத்தடுத்து நிற்கும் சாயல்களுக்கு இடையேயான தொலைவு மாறுகிறது. சாதாரண டெவலப்பரில் கழுவினால் ஒருவகைத் தொலைவு, மெட்டால் ஆங்காங்கே தீர்ந்துபோகும்படி கழுவினால் வேறுவகைத் தொலைவு. இவற்றில் எந்தத் தொலைவு கழுவுமுன் ஃபிலிமில் இருந்தது? இரண்டும் இருந்தன என்றால், ஒன்று மட்டும் வெளிப்பட்டதற்குக் காரணம் ஃபிலிமுக்கு வெளியே இருக்க வேண்டும். இரண்டுமே இல்லை என்றால் புதிதாக ஒன்று தோன்றியது என்று ஒப்ப வேண்டும். படம் உள்ளே இருந்தது, வெளிப்பாடுதான் பின்னர் வந்தது என்று சொன்னாலும், அந்த வெளிப்பாடு முன்பே இருந்ததா என நியாய மரபினர் கேட்பார்கள். இக்கேள்விக்கு மறைபடிமத்தை மட்டும் காட்டி விடை சொல்ல முடியாது.

ஆன்செல் ஆடம்ஸ் 1941 நவம்பர் 1-இல் நியூ மெக்சிகோவின் ஹெர்னான்டஸ் என்ற சிற்றூரில் எடுத்த நிலவுதயப் படம் இதை நன்கு விளக்கும். கல்லறைச் சிலுவைகளின் மேல் மாலை வெயில் மறையும் தறுவாயில் அவருக்கு ஒளிமானி கைக்கு அகப்படவில்லை. நிலவின் ஒளிர்வு சதுர அடிக்கு 250 கேண்டில் என்பதை நினைவிலிருந்து எடுத்து, அதைக்கொண்டு கணக்கிட்டு, 8×10 அங்குல ஃபிலிம் ஒன்றை மட்டும் பதிவு செய்தார். அதைக் கழுவியது இருகரைசல் முறைக்கு உறவான நீர்க்குளியல் முறையில். டெவலப்பரில் 30 வினாடி, பின்பு அசைக்காமல் தண்ணீரில் 2 நிமிடம் என்று பத்து முறை மாற்றி மாற்றி வைத்தார். நிலவின் ஒளியை அடக்கி, மங்கிய முன்புறத்துக்கு இடம் தர அவர் கொண்ட வழி அது. அதுவும் போதாமல் 1948-இல் நெகட்டிவின் கீழ்ப்பகுதியை வேதிமுறையில் வலுப்படுத்தினார். நிலவும் சிலுவைகளும் அவர் கற்பனை செய்தவை அல்ல. அவற்றுக்கிடையே இன்று காணும் சமநிலை அவர் ஆக்கியது.

இந்த இரண்டு உண்மைகளையும் ஒருசேரத் தாங்கும் சட்டகம் சைவ சித்தாந்தத்தில் இருக்கிறது. குடத்துக்கு மண் முதற்காரணம். சக்கரமும் தண்டும் துணைக்காரணம். குயவர் நிமித்த காரணம். காரியம் முதற்காரணத்தில் உள்ளது என்று ஏற்கும் சித்தாந்தம், உள்ளதாலேயே அது தானாக வெளிப்பட்டுவிடும் என்று சொல்வதில்லை. வெளிப்படுத்தும் அறிவுடைய கருத்தா வேண்டும் என்று வற்புறுத்துகிறது. ஃபிலிமில் மறைபடிமத்தைத் தாங்கிய வெள்ளிப் படிகங்கள் முதற்காரணம், இரு கரைசல்களும் துணைக்காரணம், எந்த முறையில் எவ்வளவு நேரம் என்று தீர்மானிப்பவர் நிமித்த காரணம். முதற்காரணத்தில் இல்லாததை மற்ற இரண்டும் தர இயலாது. உள்ளதில் எது எவ்வளவு தெரிய வேண்டும் என்பதை முதற்காரணம் தானே தீர்மானிக்கவும் இயலாது.

படத்தின் உண்மை பற்றிய வழக்குக்கும் இதுவே தீர்ப்பு. படம் எடுத்தவர், கேமரா கண்டதைத்தான் காட்டினேன், எனக்குப் பொறுப்பில்லை என்று ஒதுங்க முடியாது. சாயல்களின் தொலைவு அவர் தேர்ந்தது. பார்ப்பவர், எல்லாமே இருட்டறையில் செய்த கைவேலை என்று தள்ளிவிடவும் முடியாது. சாயல்களின் வரிசை ஒளி தந்தது. கழுவுமுன் ஃபிலிமில் படம் இருக்கிறதா என்ற கேள்விக்கு, பதிவு இருக்கிறது, படம் இனிமேல்தான் என்பதே நேரான விடை. பதிவுக்கு உலகம் சாட்சி; படத்துக்குக் கழுவியவரே பொறுப்பு.