நீக்கப்பட்டவரின் முறையீடு

வேலையிலிருந்து ஒருவரை நீக்கும் உரிமை முதலாளிக்கு உண்டு. அதை அடியோடு மறுத்துவிட்டு எந்தத் தொழிலும் நடவாது. ஆயின், நீக்கப்பட்டவர் நிர்வாகத்தின் தலைவரை நோக்கி, "எனக்கு அநீதி இழைக்கப்பட்டுவிட்டது" என்று முறையிடும்போது, அதற்கு விடையளிக்காமல் வாளாவிருக்கும் உரிமையும் அவருக்கு உண்டா? நாம் இங்கு எண்ணிப் பார்க்க விழைவது இதனையே.

திருவொற்றியூரில் வாழ்வோருக்கு இவ்வினா ஏட்டுச் சுரைக்காய் அன்று. 1946இல் ஒரு கொட்டகையில் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். நிறுவனம் வேரூன்றியது இவ்வூரில்தான். 1950களில் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை இங்கு எழுந்தது. விம்கோ தீப்பெட்டி ஆலையின் பெயரால் ஒரு நகரே வழங்குகிறது. இத்தகைய ஊரில், "இன்ன கம்பெனியில் வேலை" என்பது வெறும் வருவாய்ச் செய்தியன்று. மளிகைக் கடையில் கடன் பெறவும், பெண் கேட்டுச் செல்லவும் அதுவே ஒருவரின் முகவரி. ஆகவே வேலை போகும்போது சம்பளம் மட்டும் போவதில்லை. "என்ன செய்தானோ?" என்ற கேள்வி அவருக்கு முன்னதாகவே தெருவுக்குள் வந்து சேர்ந்துவிடுகிறது.

முறையீட்டு மனு எழுதித் தருமாறு கேட்டு நம்மிடம் வருவோருண்டு. அவர்களுள் பலர் முதலில் கேட்பது பணமன்று, மீண்டும் வேலையுமன்று. "நான் செய்த குற்றம் என்னவென்று சொல்லச் சொல்லுங்கள்" என்பதே அவர்தம் கோரிக்கை. இது சிந்திக்கத் தக்கது.

பதவி நீக்கத்தை அரபு மொழி 'அஸ்ல்' என்னும் சொல்லால் குறிக்கிறது. ஒதுக்கி வைத்தல் என்பதே அதன் பொருள். குற்றம் என்னும் கருத்து அச்சொல்லில் இல்லை. அநீதியைக் குறிக்கும் 'ளுல்ம்' என்பதற்கோ, ஒரு பொருளை அதற்கு உரியதல்லாத இடத்தில் வைத்தல் என்று மொழியறிஞர் விளக்கம் தருவர். இவ்விரு சொற்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் உண்மை தெளிவாகும். ஒருவரை ஒதுக்குவது தன்னளவில் அநீதியன்று. காரணம் கூறாமல் ஒதுக்கி, அந்த மௌனத்தால் அவர்மீது படியாத கறையைப் படியச் செய்வதே அநீதி. வேலை முதலாளிக்கு உரியது. வேலை செய்தவரின் நற்பெயர் அவருக்கே உரியது.

இதற்கு இஸ்லாமிய வரலாற்றில் ஒரு சிறந்த நிகழ்ச்சி உண்டு. ஹிஜ்ரி 17ஆம் ஆண்டில், வெற்றிகள் பல ஈட்டிய படைத்தலைவர் காலித் இப்னு வலீத் (ரலி) அவர்களை கலீஃபா உமர் (ரலி) அவர்கள் பதவியிலிருந்து நீக்கினார்கள். ஒருவருக்குக் காலித் வழங்கிய பெரும் அன்பளிப்பு பற்றி மக்கள் முன்னிலையிலேயே அவரிடம் விசாரணை நடந்தது. அந்த மானக்கேட்டுடன் அவர் மதீனா சென்று, தமக்கு அநீதி இழைக்கப்பட்டதாக கலீஃபாவிடமே முறையிட்டார். அதன்பின் நடந்தவற்றை வரலாற்றாசிரியர் தபரி பதிவு செய்துள்ளார். கலீஃபா முறையீட்டைக் கேட்டார்கள். செல்வத்தின் கணக்கையும் கேட்டார்கள். மிகுதியைப் பொது நிதியில் சேர்த்தார்கள். பின்னர், காலிதை நீக்கியது கோபத்தாலுமன்று, அவர் மோசடி செய்ததாலுமன்று. மக்கள் இறைவனை மறந்து ஒரு மனிதரையே நம்பிவிடுவர் என்னும் அச்சத்தால்தான் என்று எல்லா நகரங்களுக்கும் எழுதினார்கள்.

ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். காலித் அவர்களுக்குப் பதவி திரும்பவில்லை. ஆயினும் பெயர் திரும்பியது. பழி எந்த ஊர்களில் பரவியதோ அவ்வூர்களுக்கே விளக்கமும் சென்றது. முறையிட்டவர் கேட்டதையெல்லாம் கொடுப்பது நீதியன்று. அவருக்கு உரியதைக் கொடுப்பதே நீதி.

ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டில் ஆட்சிமுறை பற்றி நூல் எழுதிய இமாம் மாவர்தீ, முறையீட்டு மன்றம் கவனிக்க வேண்டியவற்றுள் ஊதியம் பெறுவோரின் குறைகளையும் சேர்த்தார். ஊதியம் குறைந்தாலோ தாமதமானாலோ அவர்கள் அம்மன்றத்தை நாடலாம். ஆளும் இடத்தில் அமர்ந்தவர், தம் கீழிருப்பவரின் குறையைக் கேட்பதற்கென்றே ஒரு வாயில் திறந்து வைக்க வேண்டும் என்பது இதன் கருத்து.

வாயில் அடைபட்டால் நேர்வதையும் வடசென்னை கண்டிருக்கிறது. பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர்களின் குறைகளைப் பேச 1918 ஏப்ரல் 27இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. பி.பி. வாடியா அதன் தலைவரானார். நிர்வாகமோ அவர்மீதும் மற்றவர்மீதும் உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்துத் தடையாணை பெற்றது. அந்தக் கசப்பின் பின்னரே 1926இல் தொழிற்சங்கச் சட்டம் பிறந்தது. 1947இன் தொழில் தகராறுச் சட்டத்தில், தனியொருவரின் வேலைநீக்கத்தையும் தொழில் தகராறாகக் கொள்ளும் பிரிவு 1965இல்தான் சேர்ந்தது. தண்டனை குற்றத்துக்குத் தக்கதா என்று தொழிலாளர் நீதிமன்றம் ஆராய 1971இல் மற்றொரு பிரிவு வழி செய்தது. இருபது பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யுமிடத்தில் குறைதீர்க்கும் குழு வேண்டும் என்பது 2010இல் சேர்ந்தது. அதிகாரத்தில் உள்ளோர் மனமுவந்து கேளாததைச் சட்டம் படிப்படியாகக் கேட்க வைத்தது. எனினும் இன்று ஒப்பந்தத் தொழிலாளியின் நிலை வேறு. "ஒப்பந்தக்காரரைக் கேள்" என்கிறது கம்பெனி. "கம்பெனியைக் கேள்" என்கிறார் ஒப்பந்தக்காரர். யாரிடம் முறையிடுவது என்பதே அவருக்குத் தெரிவதில்லை.

"திருடியவனும்தான் முறையிடுகிறான், எல்லோருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் வியாபாரம் என்னாவது?" என்று கேட்பாருண்டு. உண்மைதான், முறையிடுவோர் எல்லாரும் குற்றமற்றவரல்லர். ஆனால் கேட்ட பிறகல்லவா அதை அறிய முடியும்? இரு தரப்பாரில் ஒருவர் சொல்லை மட்டும் கேட்டுத் தீர்ப்பளிக்கலாகாது என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அலீ (ரலி) அவர்களுக்கு வழங்கிய அறிவுரை. வேலைநீக்கத்தில் குற்றம் சாட்டுபவரும் தீர்ப்பளிப்பவரும் ஒருவரே. ஆதலால் அவருக்கு அந்த எச்சரிக்கை இருமடங்கு தேவை.

ஆலை முதலாளிகளைக் குறை கூறுவது நமக்கு எளிது. நம் கடைகளையும் உணவு விடுதிகளையும் சற்றே எண்ணிப் பார்ப்போம். பத்தாண்டுகள் கல்லாப்பெட்டியருகே நின்ற சிப்பந்தியை, "நாளை முதல் வர வேண்டாம்" என்று ஒரே சொல்லில் அனுப்பிவிடுகிறோம் அல்லவா? ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரை நியாயமான காரணமும் ஒரு மாத அறிவிப்பும் இன்றி நீக்கலாகாது என்று 1947ஆம் ஆண்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டம் தமிழகத்தில் விதித்தது. அதை அறிந்த கடைக்காரர் எத்தனை பேர்?

அவர் மறுநாள் வாசலில் வந்து நின்றால், உள்ளே அழைத்து அமர வைப்போம். அவர் கூறுவதை முழுவதும் கேட்போம். காரணம் இருப்பின் முகம் நோக்கிச் சொல்வோம். இல்லையெனில் முடிவை மாற்றுவோம். மாற்ற இயலாதபோது, "இவர்மீது குற்றமில்லை" என்று நாலு பேர் அறிய எழுதியேனும் கொடுப்போம். ஒரு தாளும் சில வரிகளுமே அதற்குச் செலவு. அந்தத் தாளைக் கையில் கொண்டுதான் அவர் அடுத்த கடையின் படியேற வேண்டும்.